சாப்பிடும்போது இலையை எடுக்காதீர்கள்

ஒரு மரத்தைக் கொல்வதற்குக் கோடரி தேவையில்லை. ஒரு விளக்குமாறு, ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் சிமென்ட் இருந்தால் போதும். என்ன, கோடரி ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு இவை பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வசதி உண்டு. கொன்றது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. கொன்றவருக்கே தெரியாது. ‘நல்லாத்தான் சார் இருந்துச்சு, என்னமோ தெரியலை, பட்டுப்போச்சு’ என்று உச்சுக்கொட்டிவிட்டு, விறகுக்கடைக்காரருக்கு போன் பண்ணுவார்.

மாசி, பங்குனி மாதங்களில் சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவுக்கு வேண்டுமானாலும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். வேம்பும் புங்கமும் இலையைக் கொட்டிக்கொண்டிருக்கும். கீழே சரக் சரக்கென்று ஈர்க்குச்சி விளக்குமாற்றின் சத்தம். வாசலைப் பெருக்குகிறார்கள், சரி. கார் நிறுத்துகிற இடத்தைப் பெருக்குகிறார்கள், அதுவும் சரி. அதோடு நிற்பதில்லை. மரத்தடி மண்ணையும் சுரண்டிச் சுரண்டிப் பெருக்குகிறார்கள். மண் தரை மொசைக் தரை மாதிரி ஆகிற வரைக்கும் விடுவதில்லை. அப்புறம் அந்தச் சருகு மூட்டையாகிக் குப்பை வண்டிக்குப் போகும். வண்டி வரத் தாமதமானால் தெருமுனையில் ஒரு தீக்குச்சி. அரை மணி நேரம் தெருவே இருமும்.

இதே வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போவார். ‘மரம் டல்லா இருக்கு, என்ன போடலாம்?’ என்று கேட்பார். ஒரு மூட்டை தொழு உரம், ஒரு மூட்டை மண்புழு உரம், செங்கல் மாதிரி அழுத்திய தேங்காய் நார்த்தூள் கட்டி இரண்டு, மரத்தடி அழகாக இருக்க வெள்ளைக் கூழாங்கல் நாலு பை. எல்லாவற்றையும் கார் டிக்கியில் அடைத்துக்கொண்டு வருவார். இலவசமாக வந்ததைக் காசு கொடுத்து வெளியேற்றிவிட்டு, அதே சரக்கைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருகிற இந்தப் பொருளாதாரம் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தது என்று தெரியவில்லை.

கிண்டி தேசியப் பூங்கா நகரத்தின் நடுவில்தான் இருக்கிறது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே தினமும் காலையில் யார் போய்ப் பெருக்குகிறார்கள்? யார் யூரியா போடுகிறார்கள்? கோடையில் எந்த லாரி தண்ணீர் ஊற்றுகிறது? யாரும் இல்லை. மரம் இலையைப் போடுகிறது. இலை அங்கேயே கிடக்கிறது. கறையான், பூஞ்சை, மண்புழு, பூரான், பெயர் தெரியாத ஆயிரம் ஜீவன்கள் அதைத் தின்று மண்ணாக்குகின்றன. அந்த மண்ணை மரம் மறுபடி சாப்பிடுகிறது. இந்தச் சுழற்சியின் நடுவே விளக்குமாற்றோடு போய் நிற்கிற ஒரே பிராணி நாம்தான்.

இலை பழுத்து விழுவது மரம் கழிவை வெளியேற்றுகிற சமாசாரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரம் நம்மைவிடச் சிக்கனம். இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவது அப்போதுதான். இழுக்க முடியாத மிச்சத் தழைச்சத்தும், கிட்டத்தட்ட மொத்தச் சுண்ணாம்புச் சத்தும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரிமமும் இலையோடு கீழே வருகின்றன. அதாவது, மரம் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு மீதியைத் தன் காலடியிலேயே டெபாசிட் போடுகிறது. நாம் அந்தப் பாஸ்புக்கைக் கொளுத்துகிறோம். கொளுத்தினால் தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய்விடும். மிஞ்சுவது ஒரு கை சாம்பல். அதையும் காற்று அடித்துக்கொண்டு போகும்.

விவசாயிகள் இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்: மூடாக்கு. மண்ணை வெறுமனே விடாமல் சருகாலோ தழையாலோ வைக்கோலாலோ மூடிவைப்பது. 2013 டிசம்பரில் காலமான நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். சுபாஷ் பாலேக்கரின் விவசாய முறையில் நான்கு தூண்களில் ஒன்று இந்த மூடாக்கு. ஜப்பானில் புகோகா 1975-ல் எழுதிய, தமிழிலும் வந்த ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யில் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே பரப்பிவிடுவது முக்கியமான வேலை. இதையெல்லாம் படித்து, இயற்கை விவசாயம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நகரத்து நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. அவர்கள் வீட்டு மரத்தடியைப் போய்ப் பார்த்தால் வழுக்கைத் தலை மாதிரி இருக்கும்.

மூடாக்கு என்னதான் செய்கிறது? சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சோதனை பண்ணிப் பாருங்கள். பெருக்கிவிட்ட மண்ணில் செருப்பில்லாமல் நில்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் காலைத் தூக்கிவிடுவீர்கள். பிறகு நாலு விரல் உயரத்துக்குச் சருகு கிடக்கிற ஓர் இடத்தில் கையை விட்டு அடிமண்ணைத் தொடுங்கள். குளுகுளுவென்றிருக்கும். வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.

மரத்தின் வேர் பாதாளம் வரை போகும் என்று பாட்டி சொன்னது ஓரளவுக்குத்தான் சரி. தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டில் கிளை பரவிய தூரத்தையும் தாண்டிப் போகும். நம் வெறுங்கால் தாங்காத வெயிலில் நாம் வறுத்தெடுப்பது அந்த வேர்களைத்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வாருங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைச்சலில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அடிக்கிற அடியில் வெறும் மண்ணின் மேல்பக்கம் இறுகி ஓடு கட்டிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, தெருவுக்கு ஓடும். சருகு கிடந்தால் மழைத்துளி அதன்மேல் விழுந்து, வேகம் தணிந்து, மெல்லக் கீழே இறங்கும். இறங்கிய ஈரம் வெயிலில் சட்டென்று ஆவியாகாமலும் அதே சருகுதான் பிடித்துவைக்கும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தர ரயில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷமும் மரத்தடி ஈரத்தைக் காப்பாற்றுகிற சருகை மூட்டை கட்டி வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம்.

*

இப்போதெல்லாம் ‘மல்ச்சிங்’ என்ற வார்த்தை நர்சரிகளிலும் தோட்டம் அமைத்துக் கொடுக்கிற கம்பெனிகளின் கொட்டேஷன்களிலும் அடிபட ஆரம்பித்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் நம்மூரில் எந்த நல்ல விஷயமும் கொட்டேஷனுக்குள் நுழைந்ததும் வேறு ஏதோவாக மாறிவிடும். இதுவும் மாறிவிட்டது. மண்ணை எதனால் மூடினாலும் மூடாக்குதான் என்று விற்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வெள்ளைக் கல். பங்களா முகப்புகளில், ஐ.டி. வளாகங்களில், ஹோட்டல் வாசல்களில் மரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பரப்பியிருப்பார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் கல் மக்காது. நூறு வருஷம் கிடந்தாலும் மண்ணுக்கு ஒரு பருக்கை சாப்பாடு போடாது. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்டு அடிமரத்தின் மேல் திருப்பி அடிக்கும். அது மார்பிள் சில்லு என்றால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துவிடும். மார்பிள் என்பது சுண்ணாம்புதான். மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். நம் போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் தாராளம். காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. எலுமிச்சையின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா? பூச்சிமருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் காலடியில் என்ன கொட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அடுத்து பிளாஸ்டிக் விரிப்பு. தர்பூசணி, மிளகாய், தக்காளி வயல்களில் இதைப் போடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளே சொட்டுநீர்க் குழாய் ஓடும், களை வராது, நாலு மாதத்தில் பயிர் முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம். மரம் நாலு மாதப் பயிரா? விரிப்பின் மேல் விழுகிற மழை வழிந்து ஓடும். விழுகிற இலை மண்ணைத் தொடவே முடியாது. மண்புழு பட்டினி. ரெண்டு மூணு வருஷத்தில் விரிப்பு வெயிலில் பொடிந்து, துணுக்குத் துணுக்காக மண்ணோடு கலக்கும். அதை நம் பேரப்பிள்ளைகள் பொறுக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, தேங்காய் நார்த்தூள். இது பிளாஸ்டிக் மாதிரி விரோதி இல்லை. தென்னைக்கு இதை மூடாக்காகப் போடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஆனால் எங்கிருந்து வந்தது, கழுவியதா என்று கேட்டு வாங்க வேண்டும். கழுவாத தூளில் உப்பு இருக்கும். உப்புத் தண்ணீர் வருகிற பகுதிகளில் இது தீக்காயத்தில் மிளகாய்ப்பொடி. சீக்கிரம் மக்கவும் மக்காது. காய்ந்தால் பறக்கும், பெருமழையில் மிதக்கும். உங்கள் வீட்டில் மரமே இல்லை, தொட்டிச்செடிதான் என்றால் வாங்குங்கள். தலைக்கு மேலே ஒரு மாமரமே இலை கொட்டிக்கொண்டிருக்கும்போது எதற்கு?

மரத்தூளும் சிலர் போடுகிறார்கள். மரக்கடைத் தூள் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வந்து மண்ணோடு கொத்திவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். அதை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். மரம் வெளிறிப்போகும். மேலே மட்டும், மற்றச் சருகோடு கலந்து, மெல்லிசாகப் போட்டால் இந்தத் தொல்லை குறைவு. பிளைவுட் அறுத்த தூள் என்றால் பசையும் ரசாயனமும் இருக்கும். தொடவே வேண்டாம்.

புல்வெளி வெட்டிய பச்சைப்புல்லை ஒரே குவியலாகக் கொட்டுவதும் தப்பு. சூடாகி, பிசுபிசுத்து, நாற்றம் எடுக்கும். ரெண்டு நாள் காயவைத்து மெல்லிசாகத் தூவினால் அருமையான உணவு. சமையலறைக் கழிவை மரத்தடியில் வீசுவது மூடாக்கு ஆகாது. அது எலிக்கு வைக்கிற விருந்து.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் தேசிய மூடாக்கு ஒன்று இருக்கிறது: சிமென்ட். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

சரி, எதுதான் சரியான மூடாக்கு? என் கட்சி ரொம்ப எளிமையானது. உங்கள் மரத்துக்குச் சரியான மூடாக்கு உங்கள் மரத்திலிருந்து விழுவதுதான். கடைக்குப் போகாதீர்கள். அண்ணாந்து பாருங்கள்.

வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி, கொன்றை வகைகளுக்குச் சின்னச் சின்ன இலைகள். சீக்கிரம் மக்கும். புங்கந்தழையையும் வேப்பந்தழையையும் நெல்வயலில் மிதித்து உரமாக்கியவர்கள் நம் தாத்தாக்கள். அதே சரக்கு இப்போது குப்பை லாரியில் போகிறது. மா, பலா, நாட்டுவாதுமை இலைகள் தடிமன். மக்க நாளாகும். அது குறையில்லை, நீண்ட நாள் மண்ணைக் காக்கும் என்று அர்த்தம். ஆனால் வாதுமை இலையைப் பெரிய பெரிய தட்டாக அப்படியே அடுக்கினால் மழை கீழே இறங்கத் தயங்கும். காய்ந்ததும் காலால் நொறுக்கி, வேப்பஞ்சருகோடு கலந்து போடுங்கள். தென்னை ஓலையை ஓரடித் துண்டுகளாக வெட்டிப் போடலாம். மட்டை உரித்தீர்களா? அதையும் அடுக்கலாம். குழிந்த பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசுவுக்குத் தொட்டில் ஆகிவிடும். யூகலிப்டஸ், சவுக்குச் சருகை மட்டும் சின்னக் கன்றுகளுக்குப் புதிதாகப் போடாதீர்கள். ஒரு மழைக்காலம் நனைந்து பழசாகட்டும்.

எவ்வளவு போடுவது? மூன்று நான்கு அங்குல உயரம். காய்ந்த சருகு சீக்கிரம் அமுங்கிவிடும், அமுங்க அமுங்க மேலே போடலாம். எவ்வளவு தூரம்? மத்தியான நிழல் விழுகிற வட்டம் வரை போட்டால் உத்தமம். இடமில்லையா, மூன்று அடி வட்டமாவது போடுங்கள். எப்போது? மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கிற தை, மாசியில் ஆரம்பியுங்கள். காய்ந்து கிடக்கிற மண்ணென்றால் முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் பிறகு மூடுங்கள். நோய் வந்து புள்ளி விழுந்த இலைகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அடிமரத்தோடு ஒட்டிச் சருகைக் குவிக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வேர் ஈரத்தில் வாழப் பிறந்தது, பட்டை காற்றில் வாழப் பிறந்தது. பட்டையைச் சுற்றி ஈரச் சருகையோ மண்ணையோ குவித்தால் பூஞ்சை வரும், பட்டை அழுகும். எலுமிச்சை, சாத்துக்குடியில் அடித்தண்டு அழுகிப் பிசின் வடிவதற்கு இப்படி மண் அணைப்பதும் ஒரு காரணம். தட்டு மாதிரி போடுங்கள், கோபுரம் மாதிரி வேண்டாம்.

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வித்தையும் கிடையாது. ஒரு வருஷம் பொறுத்துவிட்டு அந்தச் சருகை விலக்கிப் பாருங்கள். அடியில் மண் கறுத்திருக்கும். குருணை குருணையாக மண்புழு எச்சம் கிடக்கும். அள்ளி முகர்ந்தால் முதல் மழை வாசனை அடிக்கும். நர்சரியில் மூட்டையாக விற்பது இதைத்தான்.

*

இதைச் சொன்னால் உடனே கிளம்புகிற எதிர்ப்புகள் எனக்கு மனப்பாடம்.

‘பாம்பு வரும் சார்.’ பாம்பு சருகைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி சோற்றைத் தேடி வருகிறது. மூலையில் கிடக்கிற செங்கல் குவியலையும் பழைய கதவையும் மிச்ச சோற்றையும் அப்புறப்படுத்துங்கள். நாலு அங்குலச் சருகைப் பரப்பினால் பாம்புக்கு அது வீடாகாது. மூன்றடி உயரத்துக்குக் குவித்தால் ஆகலாம். அதனால்தான் பரப்பச் சொல்கிறேன், குவிக்கச் சொல்லவில்லை.

‘கொசு வரும்.’ டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப், டயர், மூடாத தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. சருகு தண்ணீரைத் தேக்காது, மண்ணுக்குள் அனுப்பும். சொல்லப்போனால், பெருக்கிப் பெருக்கி இறுகிய மண்ணில்தான் குட்டை கட்டும்.

‘கறையான் வரும்.’ இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மர நிலைக்கதவும் ஜன்னலும் உள்ள வீட்டுச் சுவரை ஒட்டி மூடாக்கு போடாதீர்கள். ரெண்டு மூணு அடி தள்ளியே இருக்கட்டும். மற்றபடி கறையானுக்குப் பிடித்தது செத்த மரம். சருகைத் தின்று மண்ணாக்குவது அதன் உத்தியோகம். அதைச் செய்யவிடுங்கள். உயிருள்ள மரத்தின் பட்டையில் கறையான் புற்று ஏறுகிறதென்றால், அந்த ஒரு சாண் இடைவெளியை விட்டீர்களா என்று பாருங்கள்.

‘யாராவது பீடியைப் போட்டால் பற்றிக்கொள்ளும்.’ இதுவும் நியாயம்தான். நடைபாதை ஓரம், டீக்கடைப் பக்கம் என்றால் வாரம் ரெண்டு தடவை தண்ணீர் தெளியுங்கள், மேலே கொஞ்சம் மண் தூவிவிடுங்கள்.

கடைசி எதிர்ப்புதான் உண்மையான எதிர்ப்பு. மற்றதெல்லாம் இதற்குச் சொல்கிற சாக்கு. ‘அசிங்கமா இருக்கு சார்.’

அங்கேதான் இருக்கிறது வியாதி. தரையில் எதுவுமே இல்லாமல் இருப்பதுதான் சுத்தம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். வீட்டுக்குள் அது சரி. வாசல் பெருக்கிக் கோலம் போடுவது அழகான பழக்கம், அதை யாரும் விட வேண்டாம். ஆனால் வாசலின் சட்டத்தை மரத்தடிக்கும் எதற்குக் கொண்டுபோகிறோம்? உதிர்ந்த இலையில் அசிங்கம் எங்கே இருக்கிறது? கூவத்தில் சாக்கடை விடுகிற ஊர் வேப்பிலையைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தச் சுத்தத்தை விரும்புகிற நாம் அந்த மூட்டையைத் தூக்குவதில்லை. குனிந்து பெருக்குவதும், அள்ளுவதும், எரியும்போது பக்கத்தில் நின்று புகையைக் குடிப்பதும் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெண்கள்தான் நிறைய. ஏற்கெனவே நம் எச்சிலையும் சானிட்டரி நாப்கினையும் ஒரே பையில் போட்டு அவர்கள் கையில் கொடுக்கிற ஜனங்கள் நாம். அதோடு, குப்பையே அல்லாத ஒன்றையும் குப்பை என்று சொல்லி அவர்கள் முதுகில் ஏற்றுகிறோம். கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் எவ்வளவுதான் அனுப்புவது? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததே, மறந்துவிட்டதா?

தார் ரோட்டில் விழுகிற இலையைப் பெருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வடிகாலை அடைத்துக்கொள்ளும். ஆனால் பெருக்கியதை லாரிக்கு ஏற்றுவதற்குப் பதிலாகப் பத்தடி தள்ளி இருக்கிற மரத்தடியில் கொட்டினால் பணியாளருக்கும் வேலை மிச்சம், டீசலும் மிச்சம்.

*

இப்போது சிமென்ட்டுக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு மாமரங்கள் இருந்தன. கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே இருந்தவை. குப்பையாகிறது என்று அசோசியேஷன் முதலில் ஆள் வைத்துத் தினம் பெருக்கியது. பெருக்கப் பெருக்க மண் பறக்கிறது என்று அப்புறம் அடிமரம் வரை பேவர் பிளாக் போட்டது. மூன்றாம் வருஷம் காய்ப்பு நின்றது. நுனிக்கிளைகள் காய ஆரம்பித்தன. கூட்டம் போட்டார்கள். ‘காய்க்காத மரம், விழுந்தா கார் போயிடும்’ என்று தீர்மானம் நிறைவேறியது. மரங்கள் போயின. இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நிழலுக்காம்.

இது ஒரு குடியிருப்பின் கதையாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஊரெங்கும் நடைபாதை போடுகிற கான்ட்ராக்டர்கள் அடிமரத்தின் கழுத்தைப் பிடித்து சிமென்ட் பூசுகிறார்கள். வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். ரெண்டுமே இல்லாமல், மழைநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது பக்கவேரையும் வெட்டிவிட்டு, ‘இந்த மரம் ஏன் நிற்கவில்லை?’ என்று கேட்கிறோம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றின் வேகம் ஒரு காரணம். எளிதில் முறிகிற வெளியூர் மரங்களை வகைதொகை இல்லாமல் நட்டது ஒரு காரணம். வேர் பரவ இடமில்லாமல் நான்கு பக்கமும் கட்டியது இன்னொரு காரணம். முதல் காரணத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கைவேலை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2013-ல் தில்லி மரங்கள் பற்றிய வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற சிமென்ட்டை எடுக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், தோட்டக் கழிவை அவரவர் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்துவைக்கச் சொன்னது, தெருவில் எரிக்கக் கூடாது என்றது. அதே வருஷ டிசம்பரில் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று நாடு முழுதுக்கும் அபராதம் நிர்ணயித்தது. உங்கள் தெருவில் அப்படி அபராதம் கட்டிய ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மாநகராட்சிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2020-ல் தொடங்கி சென்னையில் பல இடங்களில் மியாவாக்கி குறுங்காடுகளை அமைத்தார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் அந்த முறையில் கன்று நட்டதும் செய்கிற முதல் வேலையே மண்ணை வைக்கோல் போட்டு மூடுவதுதான். வேலிக்கு உள்ளே மூடாக்கு விஞ்ஞானம், வேலிக்கு வெளியே அதுவே குப்பை.

நான் யாரையும் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை, கட்டச் சொல்லவில்லை. நான் கேட்பது மூன்றே மூன்று. மாநகராட்சி இனி போடுகிற ஒவ்வொரு நடைபாதை ஒப்பந்தத்திலும், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட்டால்தான் பில் பாஸாகும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். குடியிருப்பு அசோசியேஷன்கள் அடுத்த கூட்டத்தில் மரத்தடியைப் பெருக்குவதை நிறுத்தி ஒரு தீர்மானம் போடட்டும், ஏற்கெனவே போட்ட கல்லை ஒரு மீட்டர் வட்டத்துக்குப் பெயர்க்கட்டும். அது முடிவதற்குள், நீங்கள் நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம், ‘மரத்தடியைப் பெருக்க வேணாம்மா, வாசல்ல விழுந்ததையும் அங்கேயே தள்ளிடுங்க’ என்று சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் செய்கிற உபகாரமாகவும் இருக்கும்.

நம்மூர்ப் பந்தியில் ஒரு மரியாதை உண்டு. சாப்பிடுகிறவர் எழுந்திருக்கும்வரை அவர் இலையை யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படி எடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மரம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. இலையை எடுக்காதீர்கள்.